பித்தளை வில்லைக்கு எந்தப் பின்னணி? ராயப்பேட்டை ஸ்டுடியோ ஒன்றின் வேலை குறித்து

என் தந்தை ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் சேர்க்கத் தொடங்கி, அவருக்குப் பின் நான் தொடர்ந்து சேர்த்த 140 பேட்ஜுகளைப் படங்களுடன் ஒரு புத்தகமாகக் கொண்டுவரும் வேலையில் கடந்த சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். நகை, நாணயம், பதக்கம் போன்ற சிறு பொருள்களை மட்டுமே படமெடுக்கும் ராயப்பேட்டை ஸ்டுடியோ ஒன்றிடம் அந்தப் படங்களை ஒப்படைத்திருந்தேன். அதன் உரிமையாளர் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால், இத்தகைய புத்தகம் போட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அவர்கள் வேலை செய்யும் முறையை, குறிப்பாகப் பின்னணி நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை, விரிவாக எழுதுகிறேன்.

சேகரிப்பில் உள்ளவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன்பு இயங்கிய மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, சவுத் இந்தியன் ரயில்வே ஆகியவற்றின் எனாமல் பேட்ஜுகள், சுமை தூக்குவோர் கையில் கட்டியிருந்த பித்தளை வில்லைகள், ஆட்சியர் அலுவலகத் தபேதாரின் டவாலியில், அதாவது தோளின் குறுக்கே அணியும் பட்டையில், இருந்த வில்லை ஒன்று, சாரணர் பேட்ஜுகள், 1970களிலும் 1980களிலும் இங்கு வந்து சேர்ந்த சோவியத் அலுமினியப் பேட்ஜுகள் ஆகியவை அதில் உள்ளன. மங்கிய பித்தளையும், பளபளக்கும் நிக்கல் முலாமும், கண்ணாடிப் பொடியை உலையில் உருக்கிப் பதித்த எனாமலும், வெறும் பெயின்ட் பூசிய அலுமினியமும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்து வரும்போது, எந்தப் பின்னணி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

சிவப்பு வேண்டும் என்ற முடிவோடுதான் நான் அங்கே சென்றேன். ரயில் நிலையத்தில் அந்தப் பித்தளை வில்லை சிவப்புச் சட்டையின் மேல்தான் இருந்தது. தபேதாரின் டவாலியும் சிவப்புதான். ஆகவே படத்திலும் அது சிவப்பின் மேல் இருப்பதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்று நம்பினேன். உரிமையாளர் மறுத்துப் பேசவில்லை. சிவப்புத் துணி ஒன்றை விரித்து, அதன் மேல் ஒரு வில்லையை வைத்துப் படமெடுத்து, அதே வில்லையைச் சாம்பல் நிறத் தாளின் மேல் வைத்தும் எடுத்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சிவப்பின் மேல் இருந்த பித்தளை, செம்பு போலத் தெரிந்தது. "சார், உலோகம் கண்ணாடி மாதிரி. பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ, அதை விளிம்பில் வாங்கிக்கொள்ளும்" என்று அவர் சொன்னபோது, ஓரத்தின் சரிவு முழுவதும் சிவப்பு படிந்திருந்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் ஊர் நகைக்கடைகளில் நகையை ரோஸ் நிறத் தாளில் மடித்துத் தருகிறார்கள் அல்லவா? அந்த நிறத்துக்கு அருகில் பொன்னின் மஞ்சள் இன்னும் செழுமையாகத் தோன்றும். கடைக்காரருக்கு அது நல்லது; ஆனால் இந்தப் பேட்ஜ் எந்த உலோகம், முலாம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய சேகரிப்பாளருக்கு அது தீங்கு. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த இயல்பை, பாரிஸில் கோபலின் என்ற திரைச்சீலை நெசவு ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்து வந்த வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விரிவாக விளக்கியிருக்கிறார். பட்டுப் புடவையில் அரக்குக் கரைக்கும் பச்சைக் கரைக்கும் நடுவே ஒரே ஜரிகை வெவ்வேறாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குச் சான்று தேவையில்லை.

வெள்ளையையும் கறுப்பையும் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் நிக்கல் முலாம் பூசிய பேட்ஜுகளின் விளிம்பு தாளோடு கரைந்துபோய், உருவம் எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. சோவியத் அலுமினியப் பேட்ஜுகளில் இது இன்னும் மோசம். கறுப்பு வெல்வெட்டின் மேல் பித்தளை மிக அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருநீல எனாமல் அந்தக் கறுப்பில் மூழ்கிவிட்டது. வெல்வெட்டில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் பெரிதாகத் தெரிந்தது. அதோடு, மேட் ஆர்ட் பேப்பரில் முழுப் பக்கக் கறுப்பு அடித்தால், மை காய நேரம் எடுக்கும், அடுத்த பக்கத்தில் ஒட்டும், கை பட்ட இடமெல்லாம் தடம் விழும் என்பதை மழைக்காலச் சென்னையில் அச்சு வேலை பார்த்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நானே வாங்கி வந்த கைத்தாள் ஒன்றும் தோற்றது. கையில் பிடித்தால் மென்மையான வெளிர்பழுப்பு. ஆனால் 22 மில்லிமீட்டர் பேட்ஜை நான்கு மடங்கு பெரிதாக்கி அச்சிடும்போது, தாளின் நாரும் நான்கு மடங்கு பெரிதாகி, பேட்ஜ் சாக்குத்துணியின் மேல் கிடப்பது போல இருந்தது.

இறுதியில் தேர்ந்தது நடுத்தரமான, எந்த நிறச் சாய்வும் இல்லாத சாம்பல். வெளிர்ந்த பேட்ஜுகளுக்கு அதையே ஒரு படி அடர்த்தியாகவும், கறுத்த பித்தளைக்கு ஒரு படி வெளிறியதாகவும் வைத்துக்கொண்டோம். இரண்டே படிகள்தான் என்பதிலும், எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே படிதான் வர வேண்டும் என்பதிலும் உரிமையாளர் பிடிவாதமாக இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் நிறத்தை மாற்றினால், வாசகரின் கண் முதலில் பின்னணியைத்தான் பார்க்கும். இதில் அவரே சரி என்று இப்போது எனக்கு ஐயமின்றித் தெரிகிறது.

இந்த ஸ்டுடியோவை நான் மெச்சுவதற்கு முதன்மையான காரணம் இதுவரை சொன்னவை அல்ல. திரையில் பார்த்து எதையும் முடிவு செய்ய அவர்கள் விடவில்லை. புத்தகத்துக்கு நான் வாங்கவிருந்த அதே 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 130 கிராம்) மேட் தாளில், திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் வேறொரு வேலை ஓடும்போது அதன் ஓரத்தில் எங்கள் சோதனைத் துண்டுகளையும் சேர்த்து அடித்து வாங்கினார்கள். அங்கேதான் ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. நான்கு வண்ண மைகளையும் கலந்து உண்டாக்கிய சாம்பல், மெஷினில் ஒரு மை சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ, ஒரு தாளில் பச்சையாகவும் இன்னொரு தாளில் செம்மையாகவும் சாய்ந்தது. கறுப்பு மையை மட்டும் புள்ளிகளாக அடித்து உண்டாக்கிய சாம்பல், மெஷின் எப்படி ஓடினாலும் சாம்பலாகவே நின்றது. அதிகபட்சம் சற்று வெளுத்தது அல்லது இருண்டது. எனவே படத்தில் பேட்ஜைத் தனியாக வெட்டியெடுத்து, பின்னணியைக் கறுப்பு மையின் விழுக்காடாக மட்டும் அமைத்தார்கள். அந்தத் துண்டுகளையும் விளக்கொளியில் பார்க்க விடாமல், தி.நகரில் புடவை எடுப்பவர்கள் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது போல, முற்பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

படமெடுக்கும் முறையிலும் அக்கறை தெரிந்தது. எனாமல் பேட்ஜுகளைப் பின்னணித் தாளின் மேல் நேராக வைக்காமல், அதற்குச் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை அமைத்து, அதன் மேல் வைத்தார்கள். இதனால் தாளின் நிறம் விளிம்பில் ஏறவில்லை. நிழலும் படத்துக்கு வெளியே விழுந்தது. ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் சாம்பல் அட்டை ஒன்றையும் 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டையையும் சேர்த்துப் படமெடுத்து வைத்திருப்பதால், பிறகு எந்த ஐயம் வந்தாலும் சரிபார்க்க முடிகிறது. கனமான பித்தளை வில்லைகளுக்கு மட்டும் கண்ணாடியைத் தவிர்த்து, அடியில் மெல்லிய நிழல் விழும்படி எடுத்தார்கள். நிழல் இல்லாவிட்டால் கால் கிலோ எடையுள்ள பொருள் காற்றில் மிதப்பது போல இருக்கும்.

குறைகளும் உண்டு. பேட்ஜைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும் கணினி வேலையை வெளியே கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 11 படங்களில் மேல் வளையத்தின் ஓரம் சீவப்பட்டிருந்தது. இரண்டு சாரணர் பேட்ஜுகளில் ஊசியின் நுனியே காணாமல் போயிருந்தது. சொன்னவுடன் கட்டணமின்றித் திருத்தித் தந்தார்கள், ஆனால் நான் ஒவ்வொன்றாக அசலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் அவை அப்படியே அச்சேறியிருக்கும். இரண்டாம் வாரம் எடுத்த சில படங்களில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. மற்றவை எல்லாம் இடப்பக்க வெளிச்சம். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது, மேடாக இருக்கும் எழுத்து குழிந்திருப்பது போலத் தெரிகிறது. அவற்றை மீண்டும் எடுக்க நான் இருமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. நான்கு வாரம் என்று சொன்ன வேலை எட்டு வாரம் பிடித்தது.

கட்டணம் ஒரு பேட்ஜுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 220 ரூபாய். என் 140 பேட்ஜுகளுக்கு 30,800 ரூபாய் ஆயிற்று. அச்சுச் சோதனைக்குத் தனியாக 1,500 ரூபாய். இதைவிடக் குறைவான விலைக்கு எடுத்துத் தருபவர்கள் நகரில் இருக்கிறார்கள் என்றாலும், அந்த 1,500 ரூபாய்ச் சோதனையைத் தாமாக முன்வந்து செய்து காட்டியவர்களை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. செல்பவர்கள் தங்கள் புத்தகத்துக்கான தாளை முன்கூட்டியே முடிவு செய்து, மாதிரித் தாளைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.

சிவப்பைப் பற்றிய என் ஏக்கம் முற்றிலும் வீண்போகவில்லை. புத்தகத்தில் சுமை தூக்குவோர் வில்லைகள் வரும் பகுதியின் முகப்பில், இடப்பக்கம் முழுவதும் சிவப்புச் சட்டைத் துணியின் மேல் ஒரு வில்லையும், வலப்பக்கத்தில் அதே வில்லை அளவுகோலோடு சாம்பல் பின்னணியிலும் வருகிறது. அப்படி ஒரே ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் அந்த உரிமையாளர்தான். துணியைக் கொண்டு வந்ததும் அவரே.