சென்னையில் படிக்க ஓர் இடம்: ஹாஸ்டலா, மேன்ஷனா, பிஜியா, வாடகை வீடா?

வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு எங்கே தங்குவது என்பதை வாடகைக் கணக்கு மட்டும் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. எந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

நூறு வருடத்துக்கு முன் அந்தக் கதவைச் சாதி காவல் காத்தது. ஏழைப் பிராமண மாணவனுக்கு வாரச் சாப்பாடு கிடைத்தது, நாளுக்கு ஒரு வீடாக. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கோ காசு கொடுத்தாலும் அறை கிடைப்பது கஷ்டம். ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா பெயரிலான சைதாப்பேட்டை அரசு விடுதி போன்றவை அந்த இடைவெளியில் எழுந்தவை. கிராமத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எத்தனையோ பேருக்கு அரசு விடுதி இல்லையென்றால் பட்டமே இல்லை. 2025-இல் இவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023-இல் உயர்த்திய பிறகும் மாதம் 1,500 ரூபாய். நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும். வளரும் பிள்ளைக்கு இது எப்படிப் போதும்?

வளாக ஹாஸ்டலின் பலம் வேறு. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் போனபோது சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என ஹால்கள் எனப்படும் விடுதிகளோடுதான் வேரூன்றியது. வகுப்பும் நூலகமும் நடை தூரம், சந்தேகம் கேட்க சீனியர், செலவைப் பங்கிடும் டிவைடிங் சிஸ்டம் மெஸ். பலவீனமும் உள்ளேயே இருந்தது: ராகிங். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

ஹாஸ்டலில் இடம் கிடைக்காத ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் இருந்தது. ஒரு கட்டில், பொதுக் குளியலறை, கீழே இறங்கினால் மெஸ், நடந்தால் சேப்பாக்கமும் மெரினாவும். வார்டன் கிடையாது. ஆனால் பெண்களுக்கு அந்தச் சுதந்திரம் எட்டாத ஒன்று. அவர்களுக்குப் பெரும்பாலும் வளாக ஹாஸ்டல் அல்லது உறவினர் வீடு. இரண்டும் அமையாவிட்டால், பல வீடுகளில் சென்னைப் படிப்பு என்ற பேச்சே எழாது.

இதை மாற்றியது பிஜி எனும் பேயிங் கெஸ்ட் விடுதி. 1980-களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததும் புறநகரில் கல்லூரிகள் பெருகின. அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலைக்கு ஐ.டி. நிறுவனங்கள் வந்தன. இரண்டுக்குமாகச் சேர்த்து டூ ஷேரிங், த்ரீ ஷேரிங் என்று கட்டில் கணக்கில் வாடகை பேசும் கட்டடங்கள் முளைத்தன. சாதி கேட்காமல், பெண்களுக்கும் சென்னையில் ஒரு கட்டில் கிடைப்பது பெரிய விஷயம். குறை என்று பார்த்தால், அலமாரி வைக்கவே இடமில்லாத நெரிசலும், அட்வான்ஸில் பராமரிப்பு என்று பிடித்துக்கொள்வதும். மகளிர் விடுதிகளுக்கு 2014-ஆம் வருடச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் தலைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் பிஜியைவிடக் குறையும், சமைத்தும் சாப்பிடலாம். சிக்கல் நுழைவதில்தான். பேச்சிலருக்கு வீடில்லை என்பார்கள். சாதியையும் சாப்பாட்டையும் விசாரிக்கும் பழைய வழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அட்வான்ஸ் பத்து மாத வாடகைவரை போகும். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடமும் விட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், முதல் வருடம் வளாக ஹாஸ்டல் அல்லது அரசு விடுதி. ஊரும் நண்பர்களும் பழகிய பிறகு வாடகை வீடு. பிஜி, இவை இரண்டும் கைகூடாதபோது மட்டும். இந்த வரிசை எல்லாருக்கும் சாத்தியமாக வேண்டுமென்றால் முதலில் உயர வேண்டியது அரசு விடுதியின் அந்த 50 ரூபாய் உணவுப்படி.