அரசவையா, வெனிஸ் மேடையா?

17-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாடகருக்குப் பிழைக்க முதல் வழி அரசவை. ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் ஆதரவில் இருந்த பாடகர் அட்டோ மெலானி 1644-இல் பாரிஸ் போனார். 1647-இல் அங்கே 'ஓர்ஃபியோ' என்ற ஓபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தில், நாயகனாகப் பாடினார். அப்புறம் பாட்டோடு நிற்கவில்லை. 1657-இல் பிரான்ஸின் முதலமைச்சர் மஸாரின் அவரை ராஜதந்திர வேலையாக ஜெர்மனியின் பவேரியாவுக்கே அனுப்பினார். குரல் திறந்துவிட்ட கதவுகள் அவை! ஆனால் 1661-இல் மஸாரின் இறந்தார். அதே ஆண்டு மெலானி பிரான்ஸை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆதரவு தந்தவரின் நிழல் விலகியபின் எந்த ஒப்பந்தத் தாளைக் காட்டி முறையிடுவது?

வெனிஸில் 1637-இல் தொடங்கிய, காசு கொடுத்துப் பார்க்கும் ஓபரா வேறு மாதிரி. ரோமிலிருந்து வந்த பாடகி அன்னா ரென்ஸி 1643-இல் போட்ட ஒப்பந்தத்தில் சம்பளம் 500 வெள்ளி ஸ்கூடோ நாணயம். இடையில் நோய்வாய்ப்பட்டால் பாதி. ஓபரா நடக்கும் கார்னிவல் திருவிழாக் காலம் முடிந்தால் அடுத்த வேலை தேட வேண்டும், சரி. இருந்தாலும் என் மனம் ரென்ஸி பக்கம்தான்.