ஹட்டனில் ஸ்பவுஸ் விசா எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகும் முன்

போன கிழமை பொகவந்தலாவைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி போன் எடுத்தாள். புருஷன் தமிழ்நாட்டுக்காரர், இங்கே இலங்கையிலேயே தங்கியிருக்க ஸ்பவுஸ் விசா வேணும், ஹட்டன் டவுனில் மேல்மாடிக் கடை ஒன்றில் ஒருவர் செய்து தருகிறாராம், நம்பலாமா அக்கா என்று கேட்டாள். ஏறுகிற படிக்கட்டுச் சுவரெல்லாம் வெற்றிலைக் கறையா என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றாள். அதே கடைதான். இரண்டு வருஷமாக வெட்கத்தில் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் நீலகிரி, கோத்தகிரி. "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று சொன்னால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிரிப்பார்கள். அப்பாயியின் அண்ணன் குடும்பம் சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனது, அப்பாயி இங்கேயே நின்றுவிட்டார். 1964இல் 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு என்று இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் இந்திய வம்சாவளி ஆட்களைப் பங்கு பிரித்ததில், ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். அந்த அண்ணனின் பேரன்தான் இவர். எனக்கு முறைமாப்பிள்ளை. முறை இருந்து என்ன, கவர்மெண்டுக்கு அவர் அந்நியர்தானே.

கல்யாணப் பதிவை நாங்களே ஓடியாடி முடித்தோம். 2022 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவரைக் கட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை வந்தால்தான் பதிவு, அதையும் மேலதிக மாவட்டப் பதிவாளர்தான் செய்யவேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்த நேரம். பதிவாளர் அறையில் இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு மே மாதம் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டோம். இவ்வளவு கஷ்டமானதைத் தரகர் இல்லாமல் முடித்தவர்கள்தான் அடுத்த படியில் போய் விழுந்தோம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அது 2022 ஜூன். நாட்டில் பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை. ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்தில் பாஸ்போர்ட்டுக்காக ஜனங்கள் இரவெல்லாம் ரோட்டில் படுத்துக் கிடப்பதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரே நாட்டைவிட்டு ஓடுகிறது, இவர் மட்டும் உள்ளே வருகிறாரே என்று பக்கத்துக் காம்பரா மாமி கேலி செய்வார். கணவருடைய விசிட் விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

போட்டோ கொப்பி எடுக்கப் போன இடத்தில்தான் அந்த ஆள் பழக்கமானார். கம்யூனிகேஷன் கடை, மூலையில் ஒரு மேசை, சுவரில் விமானப் படம். "தங்கச்சி, அந்த கியூவில் நீங்க நின்னா பேரப்பிள்ளை காலத்துக்குத்தான் விசா கிடைக்கும். நான் கிழமைக்கு ஒருக்கா பத்தரமுல்லை போறேன். உள்ள நம்ம ஆள் இருக்கு" என்றார். டிவியில் நாங்கள் பார்த்தது பாஸ்போர்ட் எடுக்கிறவர்களின் கியூ. விசாப் பிரிவு அதே கட்டடத்தில் வேறு இடத்தில் இருப்பதும், அங்கே அப்படிக் கூட்டம் இல்லை என்பதும் பிறகு போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், கியூவைவிட கவுண்டருக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். நான் முன்பள்ளி டீச்சர், நாலு எழுத்துப் படித்தவள். ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிங்களத்தில் வேகமாகக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஆள் தமிழில் பேசினார், மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு போடுகிறவர், அப்பாவின் பெயரைக் கேட்டதும் "நம்ம பழைய கங்காணி மகனா" என்றார். அதற்குமேல் ரசீது கேட்க யாருக்கு வாய் வரும்?

முதலில் 60,000. பிறகு என் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா பெயர் இதில் ஒரு மாதிரியும் அவருடைய அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் இருக்கிறது, இப்படியே கொடுத்தால் தூக்கி வீசிவிடுவார்கள் என்று 20,000. தோட்டத்தில் பிறந்த யாருடைய சான்றிதழை எடுத்தாலும் எழுத்து மாறித்தான் இருக்கும். எழுதினவருக்குத் தமிழ்ப் பெயர் விளங்காது, சொன்னவருக்கு எழுதினதை வாசிக்கத் தெரியாது. அதைப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம் கொடுத்துத் திருத்தலாம். பிறகு நான் அப்படித்தான் செய்தேன், கட்டணம் என்று போனது சில்லறைக் காசு. அடுத்தது "பொலிஸ் ரிப்போர்ட் அவசரம்" என்று 45,000, கடைசியில் "உள்ள இருக்கிற ஆளுக்கு" 40,000. மொத்தம் 165,000. அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், 1,000 ரூபா. கொழுந்து குறைந்து அரைப் பேர் விழாமல் முழுசாக 165 நாள் மலை ஏறினால் வருகிற காசு. என் தோடும் அதில் போனது.

ஜூலைக் கடைசியில் ஒரு கடதாசி கொடுத்தார். இங்கிலீஷில் பிரின்ட் எடுத்தது. "ஒரு வருஷம் யோசிக்காம இருங்க" என்றார். நாங்களும் யோசிக்கவில்லை. கணவர் நுவரெலியாவில் மரக்கறி லொறியில் நாட்கூலிக்குப் போனார். விசிட் விசாவில் இருக்கிறவர் சம்பளத்துக்கு வேலை செய்வது குற்றம், பிடிபட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். ஏனென்றால் அந்தக் கடதாசி ஸ்பவுஸ் விசாவே இல்லை. இவருடைய விசிட் விசாவை நவம்பர் வரைக்கும் ஒன்லைனில் நீடித்திருக்கிறார், அவ்வளவுதான். "விசிட்" என்ற சொல் அதிலேயே இருந்தது. நான் அதை மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன்.

பாஸ்போர்ட்டையே வாங்காமல் குடியிருப்பு விசா எப்படி வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கணவருடைய பாஸ்போர்ட்டில் முதல் பக்கத்தை மட்டும் அந்த ஆள் போனில் படம் எடுத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் போட்ட ஈமெயிலும் அவருடையது, போன் நம்பரும் அவருடையது. முடிவுத் திகதி நெருங்குகிறது என்று திணைக்களம் எதை அனுப்பியிருந்தாலும் எங்களுக்கு வந்திருக்காது.

2023 ஜனவரியில் கோத்தகிரியில் மாமியாருக்கு நெஞ்சு வலி. அவசரமாக டிக்கெட் போட்டுக் கட்டுநாயக்காவுக்குப் போனார். குடியகல்வுக் கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், இரண்டு மாதத்துக்கு மேல் விசா இல்லாமல் இருந்திருக்கிறீர்கள் என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிட்டார். இவர் அந்தக் கடதாசியை நீட்டியிருக்கிறார். அந்த அதிகாரி அதை வாசித்துக் காட்டினாராம், கோபப்படக்கூட இல்லையாம். அபராதம் டொலர் கணக்கில். அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்தில் டொலரைக் கண்ணால் பார்த்தவர்கூடக் கிடையாது. கொழும்பில் பெட்டிக்கடை வைத்திருக்கிற சித்தப்பா ராத்திரியோடு ராத்திரியாகப் புரட்டிக் கொடுத்தார். முதல் பிளேன் போய்விட்டது. மாமியார் பிழைத்துக்கொண்டார், அதையாவது சொல்லவேண்டும்.

மறுநாளே கடைக்குப் போனேன். இதுவரை "அவர்" என்று எழுதிவிட்டேன், இனிமேல் என்னால் முடியாது. "நீடிச்சுத்தானே தந்தேன், ஸ்பவுஸ் விசான்னு நான் எங்க எழுதிக் கொடுத்தேன்" என்றான். எழுதித்தான் கொடுக்கவில்லையே. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டு மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் போன் செய்து பார்த்தேன். அது வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர்களைப் பார்க்கிற இடம், கல்யாண விசா அவர்கள் கணக்கில் வராது. ரசீது இல்லாத எனக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கடைசி 40,000ஐ மட்டும் கையில் கொடுக்காமல் வங்கியில் போட்டிருந்தேன், அந்தச் சிட்டை இருந்தது. மாதம் 5,000 கட்டுவதாகச் சபையில் ஒத்துக்கொண்டான்.

இரண்டாவது தடவை நானே பத்தரமுல்லைக்குப் போனேன். முதலில் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு போன் எடுத்து, தமிழில் பேசி, என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்று எழுதிக்கொண்டேன். திருமணச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் கொடுத்துப் பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்த வதிவிடச் சான்றிதழ், நான் கையெழுத்திட்ட பொறுப்புக் கடிதம், கணவருடைய பாஸ்போர்ட் விபரம். பொலிஸ் சான்றிதழை அவர் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்து எடுத்தார். அதற்குத்தான் என்னிடம் 45,000 வாங்கியிருந்தான், அதுவும் இவர் இலங்கையில் இருக்கும்போது! கவுண்டரில் இருந்த அம்மா என் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பக்கத்து மேசையில் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. சும்மா முடிந்தது என்று சொல்லவில்லை, மூன்று தடவை போனேன், ஒரு தடவை கடதாசி ஒன்று குறைந்து திரும்பி வந்தேன். ஆனால் எந்த மேசையிலும் யாரும் லஞ்சம் கேட்கவில்லை.

விலாசத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, லயத்தில் இருக்கிறவர்கள் கவனியுங்கள். எங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கேயே குவிந்து கிடக்கும். திணைக்களத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் மூன்று கிழமை பெரிய கிளாக்கர் அலுமாரியில் தூங்கியது. விண்ணப்பத்தில் உங்கள் சொந்த நம்பரையும் சொந்த ஈமெயிலையும் போடுங்கள். ஈமெயில் இல்லையென்றால் பிள்ளைகளிடம் சொல்லி ஒன்று திறந்துகொள்ளுங்கள். விசா வந்ததும் அது எந்த வகை, எந்தத் திகதி வரைக்கும் என்ற இரண்டையும், தெரிந்த ஒருவரை வைத்தாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆள் இரண்டு மாதம் 5,000 கட்டினான், பிறகு நிறுத்திவிட்டான். என் பிறப்புச் சான்றிதழின் பழைய பிரதி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. பொகவந்தலாவைத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும், கடையில் புதுப் பலகை மாட்டியிருக்கிறானாம். இந்தியாவோடு இப்போது கனடாவையும் சேர்த்திருக்கிறான்.