கொயில் தின்ற காசு

போன கிழமை என்னுடைய வேப்பின், அதுதான் நிக்கொட்டின் சாற்றைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற இ-சிகரெட்டின், சார்ஜ் போடும் வாய் ஆடத் தொடங்கிவிட்டது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஏறும், கையை எடுத்தால் நிற்கும். கல்லடிக் கடற்காற்றும் காற்சட்டைப் பைக்குள் கிடந்த மணலும் சேர்ந்து செய்த வேலை. டவுனில் போன் திருத்தும் பெடியன் ஒருவனிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இதோட சேத்து இந்த மாசம் நாலாவது. ஒருத்தரும் பேர் சொல்லிக் குடுக்கிறதில்ல" என்றான். போனுக்குப் போடுகிற அதே டைப்-சி வாய்தான். 800 ரூபா, அரை மணித்தியாலம், வேலை முடிந்தது. அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து ஒரு இழுப்பு இழுத்தால் தொண்டையில் கரிச்சட்டி வாசம். சாற்றைச் சூடாக்குகிற கம்பிச் சுருள், கொயில், செத்துப்போயிருந்தது.

அன்று பின்னேரம்தான் களுவாஞ்சிகுடி மச்சான் போன் எடுத்தான். "சிகரெட்ட விட்டுட்டு இதுக்கு மாறினா மாசம் எவ்வளவு மிச்சம் வரும், உண்மையச் சொல்லு" என்று கேட்டான். அவனுக்கு நாளைக்கு ஐந்து சிகரெட், ஒவ்வொன்றாக வாங்குவது, பிளேன்டியோடு. ஒன்றுக்கு நூறு ரூபா என்று குறைத்துப் போட்டாலே மாதம் 15,000. இப்போது விற்கிற விலைக்கு அதைத் தாண்டும். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. எரிந்த கொயிலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தவனிடம் கேட்டுவிட்டான். அவனுக்குச் சொன்னதையும் அப்போது சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் சிகரெட்டை விட்டது லண்டனில் இருந்தபோது, 2022இல். ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு கடையில் நின்று வேலை. அப்போது அங்கே இருபது சிகரெட் பெட்டி பன்னிரண்டு பவுணைத் தாண்டியிருந்தது, எனக்கு நாளுக்குப் பாதிப் பெட்டி, மாதம் 180 பவுண் புகை. முதலில் எல்லோரையும் போல ஊதி முடித்ததும் எறிகிற டிஸ்போசபிளில்தான் தொடங்கினேன். அறுநூறு இழுப்பு என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது இரண்டு மில்லி சாறு, நிக்கொட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராம், ஒன்று ஐந்து பவுண். எனக்கு ஒன்று ஒன்றரை நாளைக்குத்தான் தாங்கியது. ஆக மாதம் நூறு பவுண். எண்பது மிச்சம் என்று அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், ஆனால் கூடவே வேலை செய்த மத்திய வயது அண்ணர் ஒருவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, நீ வாங்கிறது இரண்டு மில்லி சாறும் குப்பையில போடுற பெட்டரியும்." அதே இரண்டு மில்லியை, கொயிலோடு சேர்ந்த சின்னச் சாற்றுக் குடுவையான பொட்டில் நிரப்பி அவர் எவ்வளவுக்குக் குடிக்கிறார் என்று கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. (அந்த டிஸ்போசபிளை 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் விற்கவே கூடாதென்று தடை செய்துவிட்டார்கள். நல்ல காலம்.)

மாறினேன். கருவி பதினைந்து பவுணுக்கு உள்ளேதான் வந்தது. பத்து மில்லிச் சாற்றுப் போத்தல் மூன்றும் சேர்த்துப் பத்துப் பவுண். நாளுக்கு இரண்டு மில்லி, மாதம் ஆறு போத்தல், இருபது பவுண். அதற்குள் போடுகிற பொட் ஒன்று மூன்று பவுண், கிழமைக்கு ஒன்று, பன்னிரண்டு பவுண். மொத்தம் முப்பத்திரண்டு. 180 எங்கே, 32 எங்கே. வேப் பற்றி யார் எழுதினாலும் இந்தக் கணக்கைத்தான் எழுதுவார்கள். பொய்யும் இல்லை. நானும் மூன்று மாதம் இந்தக் கணக்கில்தான் ஓடினேன்.

அப்புறம் மாம்பழச் சாறு வந்தது.

இனிப்புச் சாறு கொயிலைக் கொல்லும் என்பதை ஒரு கடைக்காரரும் சொல்வதில்லை, சொன்னால் அவருக்குத்தான் நட்டம். பொட்டுக்குள் இருக்கிற கொயில் என்பது ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு சாற்றை உறிஞ்சும், கம்பி சூடேறும், ஆவி வரும், அவ்வளவுதான் அதன் தத்துவம். இனிப்புக்காகச் சேர்க்கிற சுக்ரலோஸ் அந்தச் சூட்டில் கம்பியில் ஒட்டிக் கரியாகும். அடுப்பில் மறந்துபோன சீனிப்பாகு போல. பஞ்சு கறுக்கும், சாறு ஏறாது, காய்ந்த பஞ்சில் கம்பி பட்டால் ஒரு இழுப்பில் கண்ணீர் வரும். மாம்பழம், ஸ்ரோபெரி, கொக்காகோலா ருசி எல்லாம் எனக்கு நாலு நாளில் ஒரு பொட்டை முடித்தன. புதினா, அதுவும் நிறமில்லாத தண்ணீர் மாதிரியான புதினாச் சாறு, இரண்டரைக் கிழமை தாங்கியது. ஒரே கருவி, ஒரே வாய், வித்தியாசம் சாற்றில் மட்டும். சாறு மலிவா விலையா என்று ஆறு மாதம் கடை கடையாக ஏறி இறங்கி ஐம்பது பென்ஸ் மிச்சம் பிடித்த எனக்கு, காசு போகிற ஓட்டை பொட்டில் இருக்கிறது என்று விளங்க ஒரு வருடம் எடுத்தது.

இரண்டாவது மடத்தனம் இதைவிட மோசம். நிக்கொட்டினைக் குறைத்து மெல்ல மெல்ல முழுதாக விடுவோம் என்று 20இல் இருந்து 10க்கு இறங்கினேன். நல்ல எண்ணம். ஆனால் உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்காமல் விடாது. பாதிச் சத்து என்றால் இரண்டு மடங்கு இழுப்பு. ஆறு போத்தல் பன்னிரண்டானது, பொட் எட்டு முடிந்தது, முப்பத்திரண்டு பவுண் அறுபத்து நாலாகியது. குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இரட்டிப்பாகச் செலவழித்த ஆள் நான். உண்மையில் காசு குறைய வேண்டும் என்றால் முதலில் போதுமான வீரியத்தில் நின்று இழுப்பைக் குறைத்து, பிறகுதான் வீரியத்தில் கை வைக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை, அந்த அண்ணரும் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பஞ்சு வரை வந்தால் எறிந்துவிட்டுப் போகலாம். வேப்புக்கு முடிவே இல்லை, போன் பார்க்கும்போது வாயில், குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது வாயில், நித்திரையால் எழும்பி முதல் வேலை அதுதான். நாளைக்குப் பத்து சிகரெட் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த எனக்கு இழுப்பை எண்ணத் தெரியவில்லை.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த சந்தோசம் காசில் இல்லை, மூக்கில். 2025 மாசியில் ஊருக்கு வந்து இறங்கிய இரண்டாம் நாள் அம்மா நண்டுக்கறி வைத்தார். வாவி நண்டு, முருங்கை இலை போட்டு. முற்றத்தில் நின்றுகொண்டே உள்ளே என்ன கொதிக்கிறது என்று சொன்னேன். பதினைந்து வருடமாக அந்த மூக்கு செத்துக் கிடந்தது. முன்பெல்லாம் அம்மா என் பக்கத்தில் இருந்து கதைக்க மாட்டார், பாயை இழுத்து வாசலுக்குப் போய்விடுவார். இப்போது அறைக்குள் வந்து கட்டிலில் இருந்துகொண்டே, "என்ன மனே, மாம்பழம் பழுக்கப் போட்டிருக்கியா?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். அலுமாரிக்கு மேலே எட்டிப் பார்த்தார். மறுகா ஒருநாள் சொல்லிவிட்டேன், அவருக்கு விளங்கியதா தெரியாது. "அந்த நாத்தம் இல்லாட்டிச் சரி" என்றார். அந்த மாம்பழ வாசத்துக்கு அக்காவின் மூன்று வயது மகளும் போத்தலைத் தேடி வந்தாள் என்பது வேறு கதை. நிக்கொட்டின் சாறு குழந்தைக்கு நஞ்சு, கொஞ்சம் போனாலே ஆபத்து. அன்றிலிருந்து போத்தல்கள் பூட்டின பெட்டிக்குள், மேல் தட்டில்.

ஊருக்கு வந்தபிறகு லண்டன் கணக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. இங்கே இலங்கையில் புகையிலை கலந்த இ-சிகரெட்டை 2016 வர்த்தமானியிலேயே தடை செய்துவிட்டார்கள், ஆகவே கடையில் போய் மூன்று போத்தல் பத்துப் பவுண் என்கிற மாதிரி தெரிவுசெய்து வாங்குகிற கதை இல்லை. மறைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்முனைப் பக்கம் ஒருவனிடம் விசாரித்தேன். என்னுடைய கருவிக்குப் பொருந்தும் என்று சொன்ன பொட்டுக்கு 2,500 கேட்டான், பெட்டியில் எழுத்துப் பிழை. சாற்றுப் போத்தலில் வீரியம் எத்தனை என்றே போடவில்லை. "எல்லாம் ஒரே சாமான்தான் அண்ணன்" என்றான். நெஞ்சுக்குள் இழுக்கிற சாமான், யார் எங்கே கலந்தது என்று தெரியாமல் வாங்க மனம் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அறுகம்பேயில் அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் கையில் விதவிதமாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே லேசாகக் கிடைக்கும் என்று நம்பி எங்கள் பெடியன்கள் ஏமாறுகிறார்கள்.

வரும்போது என்னிடம் கலந்துவைத்த அறுபது மில்லிப் போத்தல் மூன்றும் பொட் ஆறும் இருந்தன. விமானத்தில் பொட் ஒன்று ஒழுகி என் பாஸ்போர்ட் உறை முழுக்கப் புதினா. மேலே போகும்போது காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கிற காற்று சாற்றை வெளியே தள்ளும். பொட்டை வெறுமையாக்கிவிட்டுக் கருவியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டரி இருப்பதால் கீழே போடுகிற பெட்டிக்குள் வைக்க விடமாட்டார்கள். மிச்சம் பொட் ஐந்து. ஐந்தை வைத்து எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். லண்டனில் எட்டு மாதத்துக்கு முப்பது முடித்திருப்பேன்.

எப்படி ஓடியது என்றால், பயத்தில். புதுப் பொட் போட்டால் சாறு நிரப்பிப் பத்து நிமிடம் தொடாமல் வைப்பேன், பஞ்சு முழுக்க நனைய வேண்டும். முன்பு பொறுமையில்லாமல் உடனே இழுத்துப் புதுக் கொயிலை முதல் இழுப்பிலேயே எரித்த நாட்கள் உண்டு. ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் அரை நிமிடம் விடுவேன். சாறு கால்வாசிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். அந்த மாம்பழத்துக்குப் பிறகு இனிப்பு அறவே இல்லை. சித்திரை வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் ஒரு நாள் மறந்து வைத்துவிட்டேன், சாறு தண்ணீராகி அடியால் ஒழுகி ஒரு பொட் வீண். அதற்குப் பிறகு சட்டைப் பை. இந்த ஐந்து பழக்கத்தையும் லண்டனில் வைத்தே பழகியிருந்தால் மாதச் செலவு இன்னும் குறைந்திருக்கும். அங்கே பொட் மூன்று பவுண் என்பதால் நான் அதை மதிக்கவில்லை.

நடுவில் ஆனியில் ஒரு பொட் கருகி, அடுத்ததை எடுக்க மனமில்லாமல் மூன்று கிழமை ஒன்றுமில்லாமல் இருந்தேன். முதல் நாலு நாள் வீட்டில் எல்லோரோடும் சண்டை. மறுகா அடங்கியது. அந்த நேரம் பார்த்து ஆரையம்பதியில் ஒரு செத்தவீடு. இரவு கடதாசி (சீட்டு) விளையாடுகிற கூட்டத்தில் தட்டில் வெற்றிலையோடு சிகரெட்டும் வைத்திருந்தார்கள், பக்கத்தில் இருந்தவர் எடுத்து நீட்டினார், நானும் வாங்கிப் பற்ற வைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் சிகரெட். முதல் இழுப்பில் எனக்கு வந்த ருசி என்ன தெரியுமா, எரிந்த கொயில். அச்சு அசலாக அதே கரிச்சட்டி. இந்த ருசிக்காகவா நாளுக்கு ஆறு பவுண் கொடுத்தேன் என்று இரண்டு இழுப்போடு மண்ணில் தேய்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் 'சல்லிக்காரன்' என்கிற மாதிரிப் பார்த்தார்.

ஆகவே மச்சானுக்குச் சொன்னது: வாங்காதே. ஊரில் இருந்துகொண்டு இதில் மிச்சம் பிடிக்க முடியாது, சாமான் எது என்று தெரியாது, பொட் கிடைக்காது, கிடைக்காத நாளில் திரும்ப அந்தப் பிளேன்டிக் கடைக்குத்தான் போய் நிற்பாய். ஐந்தை நாலாக்கு, நாலை மூன்றாக்கு, ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் ஒருதரம் கதைத்துப் பார். புகையைவிட இது கெடுதல் குறைவு என்று பிரித்தானியாவில் சுகாதாரத் துறையே சொல்கிறது, ஆனால் கெடுதல் இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. புகைக்காதவன் தொடவே கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். அங்கேகூட 2026 ஒக்டோபர் முதல் பத்து மில்லிக்கு 2.20 பவுண் வரி என்று அறிவித்திருக்கிறார்கள், மூன்று போத்தல் பத்துப் பவுண் என்கிற காலமும் முடிகிறது.

அவன் கடைசியாகக் கேட்டான்: "அப்ப நீ ஏன் 800 ரூபா குடுத்துத் திருத்தினாய்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழியில் அத்தான் லண்டனில் இருந்து வருகிறார். வெறும் பொட் எட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், சாறு வேண்டாம் என்றும் சொன்னேன், மிச்சம் ஒன்றரைப் போத்தல் கிடக்கிறது. அவருக்கு அனுப்பின மெசேஜில் கொயிலின் மின்தடை 0.8 ஓம் என்று இரண்டு தரம் எழுதினேன், மாறி 1.2 கொண்டுவந்துவிடுவாரோ என்று நேற்று இரவு மறுபடியும் ஒருதரம் அனுப்பினேன்.