குழந்தை குளிப்பாட்ட 40 நாள் பேக்கேஜ்: 16,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம், நீங்கள் கட்டாதீர்கள்

இன்று காலை அந்த ஆப்காரர்கள் அனுப்பிய பதிலைப் படித்ததில் இருந்து உடம்பெல்லாம் எரிகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் இந்த வலையில் விழக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பிரசவம், சிசேரியன். கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்துக் குழந்தைகளுக்கெல்லாம் குளிக்க ஊற்றியது பாட்டிதான். அவர் இப்போது இல்லை. அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் தரையில் காலை நீட்டி உட்கார முடியாது. தொப்புள்கொடி 11ஆம் நாள் விழுந்தது. அதுவரை டாக்டர் சொன்னபடி ஈரத்துணியால் துடைத்துத்தான் எடுத்தோம். அதற்கப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, எனக்குப் பிள்ளையைத் தூக்கவே பயம்.

வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஆப் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் சொல்லவில்லை. பியூட்டிஷியன், சமையல் ஆள், முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் என எல்லாவற்றுக்கும் அனுப்புவார்களே, அந்த வகை. 'பயிற்சி பெற்ற அனுபவசாலிகள்' என்று போட்டிருந்தது. முதல் நாள் சோதனைக்கு 500 ரூபாய்.

வந்த அம்மாவை நான் இன்னும் மறக்கவில்லை. அறுபது வயதிருக்கும். வந்ததும் கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினார். "கொடி விழுந்த இடம் காஞ்சுருச்சா அம்மிணி?" என்று கேட்டு, தொப்புளைத் தானே பார்த்தார். டப்பில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சுடுதண்ணீர். கலக்கிவிட்டு முழங்கையை முக்கிப் பார்த்தார். துண்டை விரித்துத் தயாராக வைத்த பிறகுதான் பிள்ளையின் துணியைக் கழற்றினார். ஒரு கை கழுத்துக்கு அடியில், அது கடைசி வரை நகரவே இல்லை. ஐந்தே நிமிடம். மகள் அழவில்லை, பால் குடித்துவிட்டு இரண்டரை மணி நேரம் தூங்கினாள். என் அம்மா கண்கலங்கி, "எங்க அம்மா கை மாதிரியே இருக்குது" என்றார்.

அந்த நிமிடத்தில்தான் போன் வந்தது. "மேடம், இன்னைக்கே கட்டினா 40 நாளுக்கும் இதே ஆளை உறுதி பண்ணித் தர்றோம்." 16,500 ரூபாய், முழுதாக முன்பணம். நான் அந்த அம்மாவின் கையை நம்பிக் கட்டினேன். அவர் வந்தது இன்னும் இரண்டே நாள்.

அடுத்த நாள் வேறொரு பெண். கேட்டால், பழைய ஆளுக்கு வேறு வீடு போட்டுவிட்டார்களாம். தண்ணீர் ஆவி பறந்தது, நான் சொல்லித்தான் விளாவினார். குளியல் முடிந்து அடுப்படியில் இருந்து அம்மா வருவதற்குள், பிள்ளையின் இரண்டு மூக்குத் துவாரத்திலும் தேங்காய் எண்ணெய் விட்டு, வாயை வைத்து 'பூ' என்று ஊதிவிட்டார். சளி வெளியே வருமாம்! மகளுக்கு மூச்சு முட்டியது. பாலும் எண்ணெயுமாக வெளியே வந்தது. உதடு கறுத்துப்போனது. 24 நாள் குழந்தை.

எப்படி மருத்துவமனைக்குப் போனோம் என்று ஞாபகம் இல்லை. எக்ஸ்ரே எடுத்து, ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியத்தில் நெஞ்சில் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது இதுதான்: எண்ணெய் தண்ணீரைப் போல இல்லை, இருமலைச் சரியாகத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அங்கேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வாயால் ஊதினால் ஊதுபவரின் கிருமியும் கூடவே போகும்.

அந்தப் பெண் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் ஊரில் பார்த்ததைச் செய்தார். யாரும் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை என்று அவரே சொல்லி அழுதார். அவருக்கு ஒரு வீட்டுக்கு 200 ரூபாய்தானாம். என்னிடம் வாங்கியது 16,500.

அதற்கப்புறம் ஆறு நாளாக அலைக்கழிப்பு. முதலில் "புகார் டிக்கெட் எழுப்பியிருக்கிறோம் மேடம், 48 மணி நேரம்." அப்புறம் இன்னொருவர், டிஸ்சார்ஜ் சீட்டு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மூன்றாவது ஆள் அதையே மறுபடியும் கேட்டார். மேலதிகாரி பேசுவார் என்றார்கள், பேசவில்லை. நடுவில், சேவை எப்படி இருந்தது, ஸ்டார் போடுங்கள் என்று ஒரு மெசேஜ். மூன்று நாள் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றுகூட இறங்கி வந்தேன். இன்று காலை வந்த பதில்: வருகிறவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, நாங்கள் இணைத்துவிடுவதோடு சரி, சேவை தொடங்கிவிட்டதால் பணம் திரும்பாது. வேண்டுமானால் ஆப்பில் 2,000 ரூபாய் கூப்பன் தருவார்களாம். என் பிள்ளைக்கு மூச்சு நின்றிருந்தால்?

விரிவாக எழுத நினைத்தேன், பாலுக்கு அழுகிறாள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், அன்றன்றைக்குக் கொடுங்கள். ஆள் மாறினால் கதவிலேயே திருப்பி அனுப்புங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் வேண்டாம், ஊத விடாதீர்கள், முகத்துக்கு நேராகச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். முழங்கைக்கு இதமாக இருந்தால்தான் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தண்ணீர்தானே என்று பிள்ளையை டப்பில் விட்டுவிட்டுத் துண்டெடுக்கவோ போன் எடுக்கவோ போகாதீர்கள். இப்போது அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நானும் என் வீட்டுக்காரரும்தான் குளிப்பாட்டுகிறோம். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. 16,500 ரூபாய் ரசீது, சாட், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இதே மாதிரி பேக்கேஜில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.