பூட்டு எந்தப் பக்கம் உடைகிறது: பவர் பிஐ, டாப்லோ, போஸ்ட்கிரெஸ்

"சார், ரிப்போர்ட்டைத் திறந்தா எல்லாம் வெள்ளையா இருக்கு" என்று ஒரு கிளை மேலாளர் காலையில் அழைத்தால் எனக்குப் பதற்றம் வராது. எங்கோ ஒரு அனுமதி விட்டுப்போயிருக்கும், தேடிச் சேர்த்தால் முடிந்தது. ஆனால் "என் கிளைக் கணக்கோடு பக்கத்துக் கிளைக் கணக்கும் சேர்ந்து தெரியுது" என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னை அழைத்ததில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லா மேலாளர்களும் எல்லாக் கிளைகளின் விற்பனையையும் தள்ளுபடி விவரத்தையும் நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதோ பிழையைத் தேடும்போது தற்செயலாகத்தான் அது கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து ரோ லெவல் செக்யூரிட்டி (சுருக்கமாக ஆர்.எல்.எஸ்.; ஒரே ரிப்போர்ட்டில் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய வரிசைகளை மட்டும் காட்டும் பூட்டு) என்றதும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அமைப்பில் தவறு நேர்ந்தால் இந்தக் கருவி எல்லாவற்றையும் மூடிவிடுமா, திறந்துவிடுமா? பூட்டை மாட்டுவது எவ்வளவு சுலபம் என்பதெல்லாம் அப்புறம்தான். நான் அதிகம் மல்லுக்கட்டிய மூன்றையும், அதாவது பவர் பிஐ, டாப்லோ என்ற இரண்டு ரிப்போர்ட் கருவிகளையும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸையும், இந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறேன்.

பவர் பிஐ

இங்கே பூட்டு டேட்டா மாடலுக்குள், அதாவது ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டேபிள்களுக்கும் அவற்றின் உறவுகளுக்கும் உள்ளே, இருக்கிறது. ரிப்போர்ட் கட்டும் டெஸ்க்டாப் செயலியில் மேனேஜ் ரோல்ஸ் போய் ஒரு ரோல் உருவாக்கி, பவர் பிஐயின் ஃபார்முலா மொழியான டாக்ஸில் ஒரு நிபந்தனை எழுதுகிறோம். யாருக்கு எந்தக் கிளை என்று சொல்லும் மேப்பிங் டேபிளில் உள்ள மின்னஞ்சலும், உள்ளே நுழைந்தவரின் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. நுழைந்தவர் யார் என்பதை யூசர் பிரின்ஸிபல் நேம் ஃபங்ஷன் சொல்லும். அதற்குப் பதில் யூசர்நேம் ஃபங்ஷனைப் போட்டால் டெஸ்க்டாப்பில் டொமைன் பெயரோடு ஒரு வடிவமும், ரிப்போர்ட்டைப் பப்ளிஷ் செய்யும் இணையத் தளமான சர்வீஸில் மின்னஞ்சல் வடிவமும் வரும். ஓரிடத்தில் ஓடுகிற நிபந்தனை இன்னோர் இடத்தில் ஓடாமல் போக இது ஒன்றே போதும்.

'தெரியவில்லை' என்ற புகாருக்கு பவர் பிஐ நல்ல துப்பு தருகிறது. மாடலில் ரோல் இருந்து, பார்ப்பவரை எந்த ரோலிலும் சேர்க்காமல் விட்டிருந்தால், விஷுவல்கள் எர்ரர் காட்டும். ரோலில் சேர்த்துவிட்டோம், ஆனால் மேப்பிங் டேபிளில் அவருக்கு வரிசை இல்லை அல்லது மின்னஞ்சல் பொருந்தவில்லை என்றால், எர்ரர் இல்லாமல் வெறுமையாக வரும். அதனால் யாராவது அழைத்தால் "எர்ரர் வருதா, வெள்ளையா வருதா?" என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். இரண்டுமே மூடிய பக்கத்துத் தவறுகள். நல்லது.

திறந்த பக்கத்துத் தவறுகளும் இரண்டு இருக்கின்றன, அவைதான் ஆபத்தானவை. முதலாவது வொர்க்ஸ்பேஸ், அதாவது ரிப்போர்ட்டுகளைப் பப்ளிஷ் செய்து வைக்கும் பொது இடம். அங்கே ஆர்.எல்.எஸ். கட்டுப்படுத்துவது பார்க்க மட்டும் உரிமையுள்ள வியூவர்களை மட்டுமே. அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் மூவருக்கும் மாடலைத் திருத்தும் உரிமை இருப்பதால் அவர்களுக்கு எந்த ரோலும் பொருட்டில்லை. "ரிப்போர்ட்டை டீமுக்கு ஷேர் பண்ணணும்" என்று கேட்ட மேலாளரை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் மெம்பர் ஆக்குவார். அந்த நிமிடமே அவருக்கு எல்லாக் கிளைகளும் திறந்துவிடும். ரோலைத் திரும்பத் திரும்பச் சோதித்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் ரோலில் பிழையே இல்லை.

எங்களை நான்கு மாதம் ஏமாற்றியது இரண்டாவது. மேப்பிங் டேபிளில் ஒரே கிளை பலமுறை வரும், கிளை டேபிளில் ஒருமுறைதான் வரும். உறவில் ஃபில்டர் 'ஒன்று' பக்கத்திலிருந்து 'பல' பக்கத்துக்குத்தான் இயல்பாகப் பாயும். ஆகவே மேப்பிங் டேபிளில் போட்ட நிபந்தனை அந்த டேபிளை மட்டும் சுருக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. கிளைக்கும் போவதில்லை, விற்பனைக்கும் போவதில்லை. உறவின் அமைப்பில் செக்யூரிட்டி ஃபில்டரை இரு திசையிலும் செலுத்தும் பெட்டியை டிக் செய்தால்தான் அது கடந்து போகும். நாங்கள் டிக் செய்யவில்லை. ரோல் இருந்தது, நிபந்தனை சரியாக இருந்தது, ஆட்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள், விற்பனை மொத்தமும் எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொன்று: ஒருவர் இரண்டு ரோலில் இருந்தால் இரண்டும் கூட்டப்படும், வெட்டிக்கொள்ளாது. தற்காலிகமாக 'ஆல் இந்தியா' ரோலில் சேர்த்துவிட்டு நீக்க மறந்த பெயர்களை அடிக்கடி தேடிப் பாருங்கள்.

டாப்லோ

டாப்லோவில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். யூசர்நேம் ஃபங்ஷனையோ, குழுவில் உள்ளவரா என்று பார்க்கும் இஸ்மெம்பர்ஆஃப் ஃபங்ஷனையோ வைத்து ஒரு கால்குலேட்டட் ஃபீல்டு எழுதி அதை ஃபில்டராகப் போடுகிறோம். இது அட்மினுக்கும் பொருந்தும். மேப்பிங்கில் பெயர் இல்லாத சர்வர் அட்மின் தன் டாஷ்போர்டைத் திறந்தால் அவருக்கும் வெறுமைதான். இது எனக்கு மிகவும் பிடித்த குணம். பவர் பிஐயில் ரிப்போர்ட் செய்தவருக்கு எல்லாம் தெரிவதால், பூட்டு விழுந்ததா இல்லையா என்பதே அவர் கண்ணில் படாது. இங்கே செய்தவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

ஆனால் ஃபில்டரை எங்கே வைத்தோம் என்பதில்தான் டாப்லோ திறந்துகொள்கிறது. வொர்க்ஷீட்டில் வைத்தால், வெப் எடிட் உரிமை உள்ளவர் அதை இழுத்து வெளியே போட்டுவிடலாம். வொர்க்புக்கை டவுன்லோடு செய்யும் உரிமை உள்ளவருக்கு வேலை இன்னும் சுலபம். டேட்டா சோர்ஸைத் தனியாகப் பப்ளிஷ் செய்து, ஃபில்டரை அதற்குள் வைத்து, அந்த டேட்டா சோர்ஸைத் திருத்தவும் டவுன்லோடு செய்யவும் உரிமை தராமல் விட்டால்தான் அது பூட்டு. 2021.4 பதிப்பில் வந்த விர்ச்சுவல் கனெக்ஷன் (பல ரிப்போர்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் இணைப்பு) இதை ஒரே இடத்தில் டேட்டா பாலிசியாக எழுத விடுகிறது. ஆனால் அதற்கு டேட்டா மேனேஜ்மென்ட் உரிமம் வேண்டும்.

ரிப்போர்ட்டையே திறக்க முடியவில்லை என்ற புகார் வந்தால் வரிசைகளை விட்டுவிட்டு பெர்மிஷன் விதியைப் பாருங்கள். ஒருவர் இரண்டு குழுவில் இருந்து, ஒன்றில் அனுமதியும் மற்றதில் மறுப்பும் இருந்தால் மறுப்பே ஜெயிக்கும். அவர் பெயருக்கென்றே தனி விதி இருந்தால் அது குழு விதியை மிஞ்சும். எதுவுமே சொல்லாமல் விட்டால் மறுப்பு என்றே அர்த்தம்.

மேப்பிங் டேபிளை விற்பனையோடு ஜாயின் செய்து எக்ஸ்ட்ராக்ட் (டேட்டாவின் நகல்) எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கிளையை ஐந்து பேர் பார்க்கலாம் என்றால் ஒவ்வொரு விற்பனை வரிசையும் ஐந்து முறை இருக்கும். ஃபில்டர் போட்டவருக்குக் கணக்கு சரியாக வரும், ஃபில்டர் இல்லாமல் கூட்டுபவருக்கு ஐந்து மடங்கு வரும்.

போஸ்ட்கிரெஸ்

2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே ஆர்.எல்.எஸ். உண்டு. ஒரு டேபிளில் அதை இயக்கிவிட்டுப் பாலிசி (யாருக்கு எந்த வரிசை என்ற விதி) எதுவும் எழுதாமல் விட்டால், சாதாரணப் பயனருக்கு ஒரு வரிசைகூட வராது. இயல்பிலேயே மூடிய பூட்டு. எந்த ரிப்போர்ட் கருவி வந்தாலும் அதே பூட்டுதான், பவர் பிஐயிலும் டாப்லோவிலும் ஒரே விதியை இரண்டு முறை எழுத வேண்டாம்.

சரி, அப்படியானால் எல்லோரும் இங்கேயே வைத்துவிடலாமே? ரிப்போர்ட் கருவிகள் பெரும்பாலும் கருவிக்கென்றே உள்ள ஒரே சர்வீஸ் கணக்கில்தான் டேட்டாபேஸுக்குள் நுழைகின்றன. பார்ப்பவர் யார் என்பது டேட்டாபேஸுக்குத் தெரியாது. டாப்லோவில் இனிஷியல் எஸ்.க்யூ.எல். (இணைப்பு திறந்ததும் ஓடும் கட்டளை) வழியாகப் பயனர் பெயரை அனுப்பலாம், ஆனால் டேட்டாபேஸையே நேரடியாகக் கேட்கும் லைவ் இணைப்பில்தான் அதற்குப் பலன். பவர் பிஐயில் இம்போர்ட், டாப்லோவில் எக்ஸ்ட்ராக்ட் என்று டேட்டாவை நகலெடுத்து வைத்தால், அந்த நகலை ரெஃப்ரெஷ் செய்யும் கணக்குக்கு என்ன தெரியுமோ அது எல்லோருக்கும் தெரியும். டேட்டாபேஸ் பூட்டு அந்தக் கணத்தோடு முடிந்தது.

டேபிளின் உரிமையாளரைப் பாலிசி தடுக்காது. அவரையும் தடுக்க ஃபோர்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும், எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசரை அதுவும் தடுக்காது. வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) வழியாகப் படித்தால் வியூவின் உரிமையாளருடைய கண்ணால்தான் டேபிள் பார்க்கப்படும். 2022இல் வந்த 15ஆம் பதிப்பில்தான் செக்யூரிட்டி இன்வோக்கர் என்ற தேர்வு வந்து, கேட்பவரின் கண்ணால் பார்க்க வழி கிடைத்தது. இன்று ரிப்போர்ட்டுக்கு வியூ கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுதான்.

நான் எதை எடுப்பேன்?

ஒரே கருவி, இம்போர்ட் மாடல், சில நூறு பயனர்கள் என்றால் பவர் பிஐயையே எடுப்பேன். மேலாளர்கள் அனைவரும் வியூவர் மட்டுமே, ரோலில் தனி ஆள் யாரும் இல்லாமல் குழுக்கள் மட்டுமே என்ற இரண்டு விதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். சம்பளம், நோயாளி விவரம் போன்றவை லைவாகப் பல கருவிகளுக்குப் போகிற இடத்தில், வேலை கூடினாலும் டேட்டாபேஸ்தான். பயனர்களே டாஷ்போர்டு கட்டும் பழக்கம் உள்ள இடத்தில் டாப்லோவை எடுக்கலாம், ஆனால் வொர்க்ஷீட் ஃபில்டரைப் பாதுகாப்பு என்று ஒருநாளும் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டைத் திறக்க உரிமை உண்டு, ரோலிலும் உண்டு, மேப்பிங்கில் மட்டும் ஒரு வரிசைகூட இல்லை. ஒவ்வொரு முறை மாடலைப் பப்ளிஷ் செய்ததும் அந்தக் கணக்கில் நுழைந்து மொத்த விற்பனையைப் பாருங்கள். அங்கே ஒரு ரூபாய் தெரிந்தாலும், யாரும் அழைப்பதற்காகக் காத்திராமல் அன்றே ரிப்போர்ட்டை மூடிவிடுங்கள்.