எஃப்-150க்கு எந்த வீல்: 18 அங்குலமா, 20 அங்குலமா?

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு வீலும் டயரும் மாற்ற நினைப்பவர்களில் பலர் கடைசியில் இந்த இரண்டு அளவுகளில்தான் வந்து நிற்கிறார்கள்: 275/65 ஆர்18, 275/60 ஆர்20. இதில் 275 என்பது டயரின் அகலம் மி.மீ.-ல், 65, 60 என்பவை அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இரண்டும் கம்பெனியே கொடுக்கும் அளவுகள். அகலம் ஒன்றுதான். மொத்த உயரம் முதலாவதில் சுமார் 32 அங்குலம், இரண்டாவதில் 33. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் 18-ல் 179 மி.மீ., 20-ல் 165 மி.மீ.

14 மி.மீ.தானே என்று தோன்றும். பனிக்காலம் முடிந்த அமெரிக்க மிச்சிகன் மாநில ரோட்டில், தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத பள்ளத்தில் வண்டி இறங்கும்போது அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். அது போதாவிட்டால் ரிம் வளையும். மண்ணிலும் மணலிலும் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கும் 18-தான் வசதி. 20-ல் பார்வைக்கு வண்டி எடுப்பாக இருக்கும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் கொஞ்சம் கச்சிதமாகப் பேசும். டயர் விலை பொதுவாகக் கூடுதல். என் ஓட்டு 18-க்கே. 22 அங்குலத்தில் ரப்பர் 124 மி.மீ.தான், வேலைக்கு ஓடும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் டயர் வகை. எல்லோரும் ட்ரெட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அளவுக்கு முன்னால் 'எல்டி' (லைட் டிரக், அதாவது அதிக பாரத்துக்கான டயர்) என்று இருக்கிறதா என்பதை. 275/65 ஆர்18-ல் சாதாரண வகை பெரும்பாலும் 116 என்ற சுமைக் குறியோடு வரும்: ஒரு டயருக்கு 1,250 கிலோ. பிக்கப்பில் மாட்டும்போது அதை 1.10-ஆல் வகுக்க வேண்டும், அதாவது சுமார் 1,136. எல்டி, அதிலும் லோடு ரேஞ்ச் ஈ என்ற பலமான வகை என்றால் சுமைக் குறி 123, அதாவது 1,550 கிலோ. ஆனால் அந்த 1,550 கிடைப்பது 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள 35 பிஎஸ்ஐ-யை மட்டும் அடித்துவிட்டு, எல்டி போட்டாயிற்று, இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைப்பது ஆபத்து. குறைந்த காற்றில் அது சாதாரண டயரைவிடக் குறைவாகவே சுமக்கும். எடையும் கூடுதல், காலி வண்டியில் குலுங்கும், எரிபொருளும் கூடக் குடிக்கும். கனமான டிரெய்லர் இழுப்பவர், கூர்ங்கல் பாதையில் போகிறவர் எல்டி வாங்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண வகையில், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயரே போதும். பனி ஊர்க்காரர்கள் சைட்வாலில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய வீல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2004-லிருந்து எஃப்-150க்கு ஆறு போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 135 மி.மீ. செவர்லே சில்வராடோ 1500-க்கும் ஆறுதான், ஆனால் வட்டம் 139.7. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்; ஒவ்வொரு போல்ட்டும் இரண்டு மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும். நடு ஓட்டையும் ஃபோர்டில் 87.1, செவர்லேயில் 78.1. ஆகவே செவர்லே வீல் ஃபோர்டு ஹப்பில், அதாவது வீல் மாட்டும் நடுப்பகுதியில், ஏறவே ஏறாது.

ஆஃப்செட்டிலும் கவனம் வேண்டும்: வீல் ஹப்பில் பதியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. கம்பெனி வீலில் +44. கடையில் அழகாக இருக்கும் பூஜ்ய ஆஃப்செட் வீலை மாட்டினால், அதே அகலத்திலும் சக்கரம் 44 மி.மீ. வெளியே தள்ளும். சேறு கதவெல்லாம் தெறிக்கும், பேரிங்கில் பாரம் கூடும், முழுசாகத் திருப்பும்போது டயர் பம்பர் ஓரத்தில் உரசலாம். +30-க்குக் கீழே போகாமல் இருப்பதே நல்லது.

மாட்டும்போது நட்டை 150 பவுண்ட்-அடி, அதாவது சுமார் 204 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள். 100 மைல் ஓடுவதற்குள் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்களே செய்துவிடுங்கள்.